துணிக்கைகள் நிறைந்த மேஜை



சில வாரங்களுக்கு முன் ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சகோதரர் ஒருவர் சற்றே ஒதுங்கிக் காத்திருந்தார். கூட்டம் கலைந்த பின் அருகில் வந்து, "ஐயா, என் வீட்டுக்காரிக்கு ஒரு வார்த்தை புத்தி சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள். சாயங்காலம் ஆனால் கத்தரியும் பசையுமாய் உட்கார்ந்துவிடுகிறாள். படங்களை வெட்டுகிறாள், ஒட்டுகிறாள், காகிதத்தில் பூச் செய்கிறாள். பிள்ளைகளும் சேர்ந்துகொள்கிறார்கள். மேஜையெல்லாம் துண்டுக் காகிதம். இது காலத்தை வீணாக்குவது அல்லவா?" என்று கேட்டார்.

அன்று நான் பதில் சொல்லவில்லை; சொல்லக் கூச்சமாயிருந்தது. அவர் கேட்ட அதே கேள்வியைப் பல வருடங்கள் என் வீட்டில் நானே கேட்டிருக்கிறேன். ஆகவே அவரிடமும் அவர் மனைவியிடமும் அனுமதி பெற்று, இந்த வாரத் தியானத்தில் பதிலை எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம். இந்தக் கேள்வி ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதும் அல்ல.

முதலில், இகழப்படுகிற அந்த வேலை இன்னதென்று பார்ப்போம். ஸ்கிராப்புக் என்று பிள்ளைகள் சொல்லும் ஏட்டில் புகைப்படங்கள் மட்டும் இருப்பதில்லை. குழந்தையின் ஞானஸ்நான அட்டை இருக்கும். ஊருக்குப் போன ரயில் பயணச்சீட்டு இருக்கும். முதல் பிறந்தநாள் சட்டையிலிருந்து கழன்ற பொத்தான், தாத்தா கையெழுத்திட்ட கடித உறை, கிறிஸ்மஸ் நட்சத்திரம் செய்தபோது மீந்த வர்ணக்காகிதம் எல்லாம் இருக்கும். அவற்றுக்குப் பக்கத்தில் தேதியும் இடமும் இரண்டு வரிகளும் எழுதியிருக்கும். கடையில் விலைபோகாதவை எவையோ அவையே அந்த ஏட்டின் பொருள்கள். ஆங்கிலத்தில் அதன் பெயருக்கே துண்டு துணுக்குகளின் புத்தகம் என்றுதான் அர்த்தம்.

நம் வேதாகமத் தமிழில் அதற்கு நேரான சொல் ஒன்று உண்டு: துணிக்கைகள். ஐயாயிரம் பேர் சாப்பிட்டுத் திருப்தியடைந்த பிறகு ஆண்டவர் சீஷர்களுக்கு என்ன வேலை கொடுத்தார்? புல்தரையில் மீந்து கிடந்த துண்டுகளைப் பொறுக்கச் சொன்னார். வேண்டிய மட்டும் அப்பத்தைப் பெருகச் செய்ய வல்லவர், ஒரு துண்டும் வீணாகக் கூடாதென்று எண்ணினார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. ஒரு வீட்டின் நாள்களிலிருந்து சிதறியவற்றைக் குனிந்து பொறுக்கிச் சேர்க்கிற கைகளைக் காணும்போது எனக்கு அந்தக் கூடைகளே நினைவுக்கு வருகின்றன.

இப்படிச் சேர்ப்பது நம் வீடுகளுக்குப் புதிதும் அல்ல. உங்கள் தாத்தா பாட்டியின் பழைய குடும்ப வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். பல பிரதிகளில் பிறப்பு, திருமணம், மரணம் ஆகியவற்றை எழுதிவைக்கவென்றே தனிப் பக்கங்கள் உண்டு. அவை இல்லாத பிரதிகளிலும் அட்டையின் உட்புறத்தில் மையால் எழுதியிருப்பார்கள். இடையிடையே காய்ந்த குருத்தோலைச் சிலுவையும், ஒரு கல்யாண அழைப்பிதழும், அடக்க ஆராதனை முறைமையும் செருகியிருக்கும். கிறிஸ்தவ வீட்டின் முதல் நினைவேடு அதுதான். பாட்டிமார் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவே.

காகிதமே நம் முன்னோருக்கு எளிதில் கிடைத்த பொருள் அல்ல. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது 1715ஆம் ஆண்டில். அப்போது உலகில் எந்தக் காகிதமும் கையால் செய்யப்பட்டதே. காகிதம் போதாமையால் எழுத்துகளைச் சிறிதாக வார்த்து அச்சிட்டார்கள். அருகே பொறையாற்றில் காகித ஆலை ஒன்றையும் அமைக்க முயன்றார்கள். ஒவ்வொரு தாளையும் எண்ணிச் செலவிட்டவர்களின் கையிலிருந்துதான் நமக்கு வேதம் வந்தது. ஒரு துண்டுக் காகிதத்தை எறிய மனமில்லாமல் எடுத்துவைக்கிற தாயைப் பார்த்து நாம் நகைக்கலாகாது.

பிற தேசங்களிலும் இதற்குச் சாட்சிகள் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் மேரி டிலேனி என்ற ஆங்கிலேயப் பெண்மணி இருந்தார். அவர் கணவர் அயர்லாந்தில் ஒரு குருவானவர், 1768இல் காலமானார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், தம் எழுபத்திரண்டாம் வயதில், அந்த விதவை கத்தரியைக் கையில் எடுத்தார். வண்ணக் காகிதத்தை நுணுக்கமாக வெட்டி, கருப்புப் பின்னணியில் ஒட்டிப் பூக்களை உருவாக்கினார். ஒரே பூவுக்கு நூற்றுக்கணக்கான துண்டுகளை வெட்டியதும் உண்டு. பத்து ஆண்டுகளில், கண்பார்வை மங்குமுன், ஆயிரத்துக்குச் சற்றே குறைவான பூக்களைச் செய்து முடித்தார். அவை இன்றும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கணவரை இழந்த முதிய வயதில் "இனி எனக்கு என்ன வேலை?" என்று உட்கார்ந்துவிடாமல், படைத்தவர் செய்த பூக்களை ஒவ்வொரு இதழாக உற்று நோக்கப் பத்து ஆண்டுகளைக் கொடுத்தார் அவர். இதைக் காலவிரயம் என்று சொல்ல என் நாவு எழவில்லை.

ஆனாலும் அந்தச் சகோதரரின் கேள்வியை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மாட்டேன். இதில் சோதனைகளும் உண்டு.

முதலாவது, வாங்குகிற சோதனை. எழுத்தாளர் மார்க் ட்வைன் 1873இல், பக்கங்களில் முன்னதாகவே பசை தடவிய ஒட்டேடு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்று விற்றார். 1980இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த மரியலன் கிறிஸ்டென்சன் என்ற தாய், தம் குடும்பத்துக்காகச் செய்திருந்த ஏடுகளைச் சால்ட் லேக் நகரில் நடந்த ஒரு மாநாட்டில் காட்சிக்கு வைத்தார். கண்டவர்கள் ஆர்வத்தோடு விசாரிக்க, மறு ஆண்டே கணவரும் அவரும் அதற்கான கடை திறந்தார்கள். பின்னர் அது பெருந்தொழிலாய் வளர்ந்தது. இன்று நம் ஊர்க் கடைகளிலும் ஸ்டிக்கர், ரிப்பன், குவில்லிங் பட்டைகள், விலையுயர்ந்த அட்டைகள் குவிந்து கிடக்கின்றன. துணிக்கைகளைச் சேர்க்கப் புறப்பட்டவர் புதிய சரக்கை வாங்கிக் குவிப்பதில் முடிந்தால், கூடை தலைகீழாகிவிட்டது என்றே பொருள்.

இரண்டாவது, காட்டிக்கொள்கிற சோதனை. பக்கம் அழகாக வர வேண்டும் என்பதற்காகப் பிள்ளையின் கையைத் தட்டிவிட்டு, "தொடாதே, கெட்டுப்போகும்" என்கிற தாய் தன்னை ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த ஏடு யாருக்காக? குடும்பத்தைப் பற்றிய புத்தகம் குடும்பத்தைத் துரத்திவிட்டுச் செய்யப்படலாமா?

மூன்றாவது சோதனை கொடியது. வெட்டி நீக்குகிற சோதனை. ஊழியத்தின் ஆரம்ப வருடங்களில் ஓர் அடக்க ஆராதனைக்குப் போயிருந்தேன். மரித்தவர் மூத்த சகோதரர். சொத்துத் தகராற்றில் தம்பி தங்கைகளோடு பேச்சு நின்று பல வருடங்கள் ஆகியிருந்தன. பெட்டியருகே வைக்க ஒரு படம் தேடி, தங்கை தன் வீட்டுப் பழைய ஆல்பத்தைக் கொண்டுவந்தாள். பெற்றோரோடு பிள்ளைகள் நால்வரும் நிற்கும் படம் இருந்தது. அதில் மூத்தவர் நின்ற இடத்தில் கத்தரியால் வெட்டிய ஓட்டை இருந்தது. கோபத்தில் அவளே வெட்டியிருந்தாள். அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. "அப்பாவின் கை அண்ணன் தோளில் இருந்தது ஐயா, அதையும் சேர்த்து வெட்டிவிட்டேன்" என்றாள்.

மத்தேயு எழுதிய வம்ச அட்டவணையை நினைத்துக்கொள்ளுங்கள். தாமாரும் ராகாபும் அங்கே இருக்கிறார்கள். உரியாவின் மனைவியும் மறைக்கப்படவில்லை. ஆண்டவரின் குடும்ப ஏட்டிலேயே கத்தரி ஓடவில்லையென்றால் நம் ஏட்டில் ஓடலாமா? காகிதத்தை வெட்டுங்கள், மனிதரை வெட்டாதிருங்கள். பேச்சு நின்றுபோனவர் படத்தையும் இருந்த இடத்திலேயே இருக்க விடுங்கள். ஒருநாள் அவர் திரும்பி வந்தால், அவருடைய இடம் அங்கே இருக்கட்டும்.

இனி என் கதையைச் சொல்கிறேன்.

குருமனையில் வாழ்கிற குடும்பத்துக்குச் சொந்தச் சுவர் கிடையாது. சில வருடங்களுக்கு ஒருமுறை மே மாதத்தில் இடமாற்றம் வரும்; பாத்திரம் பண்டங்களை மூட்டை கட்டி அடுத்த சேகரத்துக்குப் புறப்படுவோம். எங்கள் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்துவைத்த கதவு நிலைகள் மூன்று ஊர்களில் நின்றுவிட்டன. ஆகவே என் மனைவி திருமணமான வருடத்திலிருந்தே ஏடு சேர்க்கத் தொடங்கினாள். பழைய நாட்காட்டி அட்டை, வாழ்த்து அட்டைகளின் மீதி, தையற்கடைத் துணித்துண்டு ஆகியவற்றை வைத்தே செய்தாள். இரவில் சாப்பாட்டு மேஜை அவளுடையதாகும். நான் கூட்டம் முடிந்து திரும்பும்போது மேஜை முழுவதும் துண்டுக் காகிதம் பரவியிருக்கும். ஒருநாள் என்னோடு சேகரக் குழுவினர் சிலர் வந்திருந்தார்கள். வெட்கப்பட்டு, பிள்ளைகள் கேட்கும்படியாகவே, "இந்தக் குப்பையை எடு" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் எடுத்துவைத்தாள். ஏடு மட்டும் நிற்கவில்லை.

கடந்த மே மாத இடமாற்றத்தில் பெட்டிகளைப் பிரிக்கும் வேலை எனக்கு வந்தது. ஏடுகள் இருந்த பெட்டியைத் திறந்து, நின்றவாக்கில் ஒன்றைப் புரட்டினேன். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு வருடத்துக்கு முந்தைய ஏடு அது. மகளின் ஏழாம் பிறந்தநாள் பக்கம் வந்தது. அம்மா, அண்ணன், பாட்டி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் கேக்கைச் சுற்றி நிற்கிறார்கள். ஓரத்தில், எல்லாரையும்விடப் பெரிய தலையோடு, வெள்ளை அங்கி அணிந்து நான் நிற்கிறேன். சபை ஆண்டு மலரிலிருந்து என் படத்தைக் குழந்தை வெட்டி எடுத்து அங்கே ஒட்டியிருந்தாள். காதோரம் கோணலாய் வெட்டப்பட்டிருந்தது. கீழே பென்சிலால், பெரிய பெரிய எழுத்தில், "அப்பா கூட்டத்துக்குப் போனாங்க. அதான் ஒட்டிட்டேன்" என்று எழுதியிருந்தாள்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அவள் ஒட்டினாள். எடுத்துவிடலாமா என்று முதலில் நினைத்தேன். பிறகு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

அந்த ஏட்டின் பக்கங்களை எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தெட்டுப் பக்கங்கள். ஒட்டப்பட்ட படத்தைத் தவிர, நான் இருந்தவை ஐந்து. அந்த வருடம் நான் எத்தனை கூட்டங்களில் பேசினேன் என்பது என் நாட்குறிப்பில் இருக்கிறது. குடும்ப வாழ்வின் மேன்மையைக் குறித்தும் சில கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ஆலயத்தின் வருகைப் பதிவேட்டை வைத்து உங்களில் சிலரை நான் கடிந்துகொண்டது உண்டு. என் வீட்டில் எனக்கும் ஒரு வருகைப் பதிவேடு இருந்தது. அதைத்தான் குப்பை என்று சொல்லியிருந்தேன்.

ஊழியத்தைக் குறைவாக மதிக்கும்படி இதைச் சொல்லவில்லை. ஊழியம் அழைக்கும்போது போகத்தான் வேண்டும். ஆனால் எல்லா அழைப்பும் ஆண்டவருடைய அழைப்பல்ல என்பதை என் மகளின் கத்தரி எனக்குக் கற்றுக்கொடுத்தது. போயே ஆக வேண்டிய கூட்டங்கள் சில இருந்தன. மேடையில் ஒரு நாற்காலி இருக்கிறதென்பதற்காகவே போன கூட்டங்கள் பல. இது போதகருக்கு மட்டும் உரிய பாவமும் அல்ல. கடையைப் பூட்ட மனமில்லாத வியாபாரிக்கும், அலுவலகத்தைக் கைப்பேசியிலேயே வீட்டுக்குக் கொண்டுவருகிறவருக்கும் இது பொருந்தும். கைப்பேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் வைத்திருக்கிறோம்; அவற்றில் எத்தனையைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தோம்?

சீலோவிலிருந்த தன் மகனுக்கு அன்னாள் வருடந்தோறும் ஒரு சிறு சட்டை தைத்துக் கொண்டுபோவாள். பிள்ளை தூரத்தில் இருந்தான். அவன் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று கணக்கிட்டுத்தான் அவள் துணியை வெட்டியிருக்க வேண்டும். கைவேலை என்பது அப்படி ஒருவரை மனத்தில் அளந்துகொண்டே இருப்பது. யோப்பா பட்டணத்தில் தொற்காள் மரித்தபோது, விதவைகள் பேதுருவிடம் அவளுடைய குணங்களைப் பட்டியலிடவில்லை. அவள் தைத்துக் கொடுத்த உடைகளைக் கையில் எடுத்துக் காட்டி அழுதார்கள். நமக்குப் பின் நம் பிள்ளைகள் கையில் எடுத்துக் காட்ட ஏதேனும் இருக்குமா?

ஆகவே அந்தச் சகோதரருக்கு என் பதில் இதுதான். ஐயா, உங்கள் மனைவிக்கு நான் புத்தி சொல்லப்போவதில்லை. இன்று மாலை நீங்கள் அந்த மேஜையருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். எந்தப் பக்கம் செய்கிறாள் என்று கேளுங்கள். அதில் நீங்கள் இருக்கிறீர்களா என்று பாருங்கள். இருந்தால் ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள். இல்லையென்றால், காலத்தை வீணாக்கியது யார் என்பதை உங்கள் மனச்சாட்சியே சொல்லும். குடும்ப ஜெபத்துக்கு நேரமில்லை என்றீர்களே; அந்த மேஜையிலேயே ஜெபியுங்கள். ஒட்டப்படுகிற ஒவ்வொரு முகத்துக்காகவும் ஒரு வாக்கியம் போதும்.

தொடங்க விரும்பும் குடும்பங்களுக்கு என் மனைவி சொல்லித்தந்த சில காரியங்களையும் எழுதிவிடுகிறேன். மாதம் ஒரு பக்கம் போதும். மைதாப் பசை ராமபாணப் பூச்சியையும் கரப்பானையும் அழைத்துவரும். படங்களை அதைத் தடவி ஒட்டாமல் காகித மூலைகளில் செருகிவையுங்கள். பிசுபிசுப்பான பக்கமும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள பழைய ஆல்பங்களில் படங்கள் ஒட்டிக்கொண்டு கெடும். எளிதாய் வருகிறவற்றை இப்போதே எடுத்து மாற்றுங்கள், ஒட்டிக்கொண்டவற்றைப் பிய்க்காமல் முதலில் பிரதி எடுங்கள். செய்தித்தாள் துண்டு மஞ்சளாகி நொறுங்கும். இயந்திரம் அச்சிடும் வழவழப்பான ரசீதும் பயணச்சீட்டும் நாளடைவில் வெற்றுத்தாள் ஆகிவிடும். இவற்றையும் நகலெடுத்து ஒட்டுங்கள். படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர், இடம், வருடம் மூன்றையும் எழுதுங்கள். நாம் போன பின் அந்த முகங்களை அடையாளம் சொல்ல ஆள் இருக்காது. துக்கமான நாள்களுக்கும் பக்கம் ஒதுக்குங்கள். தேர்வில் தோற்ற வருடத்தையும், மருத்துவமனையில் கழித்த வாரத்தையும், அந்நாள்களில் நம்மைத் தாங்கிய கிருபையையும் நம் பிள்ளைகள் வாசிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது மாதத்தின் கடைசி வெள்ளி இரவு அந்த மேஜைக்கு உரியது. சென்ற மாதம் நானும் ஒரு படம் ஒட்டினேன், சாய்ந்துபோயிற்று. நேராக்கலாம் என்று கை நீட்டினேன். பதினைந்து வயதாகிவிட்ட என் மகள், "விடுங்கப்பா, அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

பரம பிதாவே, எங்கள் வீட்டில் சிதறிக் கிடக்கிற துணிக்கைகளில் ஒன்றும் வீணாகாதபடி சேர்த்துவைக்கும் கைகளுக்காக உமக்கு ஸ்தோத்திரம். அந்தக் கைகளைக் குறைவாகப் பேசினதை எங்களுக்கு மன்னியும். வெட்டி நீக்கினவர்களை மறுபடியும் சேர்த்துக்கொள்ள எங்களுக்கு மனம் தாரும். எங்கள் பிள்ளைகளின் பக்கங்களில் எங்களை இருக்கச் செய்யும். ஆமென்.

அடுத்த வாரம் ஆண்டவருக்குச் சித்தமானால் சந்திப்போம்.